சிறுநீர்க் கசிவுக்குப் பயிற்சி: முதல் மூன்று மாதங்கள்

முழங்கால் வலி என்று பிசியோதெரபிக்கு வரும் பெண்களில் பலர், எல்லாம் முடிந்து கிளம்பும் நேரத்தில்தான் அடுத்த தொந்தரவைச் சொல்வார்கள். கூட வந்த மகனை ஆட்டோ பிடிக்க அனுப்பிவிட்டு, "இருமினா கொஞ்சம் வந்துடுதும்மா, வயசாயிட்டா அப்படித்தானே?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அதற்குள் அவர்கள் கைவிட்டவை நிறைய இருக்கும். தூரத்துப் பேருந்துப் பயணம், கிரிவலம், பேரனைத் தூக்குவது, கல்யாண வீட்டில் ஒரு டம்ளர் மோர்.

வயது ஏற ஏற இந்தத் தொந்தரவு அதிகம் பேருக்கு வருகிறது என்பது உண்மை. ஆனால் பொறுத்துக்கொண்டுதான் வாழ வேண்டும் என்பது உண்மையில்லை. சிறுநீரைப் பிடித்து வைக்கும் தசையைப் பழக்கலாம். சிறுநீர்ப்பையின் கெட்ட பழக்கங்களை மாற்றலாம். கழிப்பறைக்குப் போகும் வழியைச் சரி செய்யலாம். இருமினால், தும்மினால் கசிகிற பெண்களைப் பற்றி 2018-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில், தசைப் பயிற்சி செய்தவர்களில் 56 சதவீதம் பேர் குணமானதாகச் சொன்னார்கள். எதுவும் செய்யாதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 6 சதவீதம்தான். மாத்திரையும் அறுவை சிகிச்சையும் இல்லாமல் கிடைக்கும் பலன் இது. அதை எப்படித் தொடங்குவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

பயிற்சிக்கு முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள்

சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், எரிச்சலோடு காய்ச்சல் இருந்தால், நாள் முழுக்கச் சொட்டிக்கொண்டே இருந்தால், முக்கினாலும் சரியாக வராமல் வயிறு கனத்துக் கிடந்தால், பிறப்புறுப்பில் ஏதோ இறங்கி வருவது போல உருண்டையாகத் தட்டுப்பட்டால் முதலில் மருத்துவரிடம் போங்கள். முதுகுவலியோடு திடீரென்று கால் பலவீனமாகி, உட்காரும் இடம் மரத்துப்போய், சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தானாகப் போனாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். தண்டுவடத்தின் அடிநரம்புகள் நசுங்குவதன் அறிகுறியாக அது இருக்கலாம். தள்ளிப்போட்டால் நிரந்தரப் பாதிப்பு வரும்.

மற்றவர்களும் ஒருமுறை சிறுநீர்ப் பரிசோதனையும் சர்க்கரைப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது. நோய்த்தொற்று இருந்தால் எந்தப் பயிற்சியும் அவசரத்தைக் குறைக்காது. சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் சிறுநீரே அதிகமாகச் சுரக்கும். ரத்த அழுத்தத்துக்கோ கால் வீக்கத்துக்கோ தரும் நீர் மாத்திரையும், சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் சில புதுவகை மாத்திரைகளும் போக்கைக் கூட்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வேறு நேரத்தில் போட்டுக்கொள்ளலாமா என்று எழுதித் தந்தவரிடமே கேளுங்கள்.

எந்த வகைக் கசிவு என்று கண்டுபிடியுங்கள்

இருமல், தும்மல், சிரிப்பு, குடம் தூக்குதல், தரையிலிருந்து எழுதல் ஆகிய நேரங்களில் கசிந்தால் அது அழுத்தக் கசிவு. வயிற்றுக்குள் அழுத்தம் ஏறும் அந்த நொடியில் கீழே இருக்கும் தசை போதுமான அளவு தாங்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகும் மாதவிடாய் நின்ற பிறகும் பெண்களுக்கு அதிகம் வருவது இதுதான். சிசேரியன் செய்தவர்களுக்கும் வரும். ஒன்பது மாதம் கர்ப்பத்தைச் சுமந்ததே அந்தத் தசைக்குப் பெரிய பாரம்.

திடீரென்று முட்டிக்கொண்டு வந்து, கழிப்பறைக்குப் போவதற்குள் போய்விடுகிறது என்றால் அது அவசரக் கசிவு. வீட்டுக் கதவில் சாவியைப் போடும்போது, குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்போது, குளிர்ந்த தரையில் கால் வைக்கும்போது வருகிறது என்பார்கள். இதில் சிறுநீர்ப்பை நிறைவதற்கு முன்பே சுருங்கத் தொடங்குகிறது.

இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் நிறைய. இவை தவிர, உறுப்புகள் ஓரளவு நன்றாக இருந்தும் முழங்கால் வலியாலோ பக்கவாதத்தாலோ கழிப்பறைக்குப் போய்ச் சேர முடியாமல் நனைந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வீட்டைத்தான் முதலில் மாற்ற வேண்டும். அதற்கு, அன்றாட வேலைகளைத் தாங்களே செய்துகொள்ள வழிசெய்யும் ஆக்குபேஷனல் தெரபி உதவும். பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

மூன்று நாள் குறிப்பு

இதைச் செய்யாமல் யாரும் பயிற்சியைத் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு பழைய பிளாஸ்டிக் மக்கில் 100 மில்லிக்கு ஒரு கோடாக 600 மில்லி வரை மார்க்கரால் போட்டுக் கழிப்பறையில் வையுங்கள். மூன்று நாட்களுக்கு, ஒவ்வொரு முறையும் நேரம், வந்த அளவு, கசிந்ததா, கசிந்தபோது என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன குடித்தீர்கள், எவ்வளவு குடித்தீர்கள் என்று எழுதுங்கள். தொடர்ச்சியான மூன்று நாளாக இருக்க வேண்டும் என்றில்லை. வெளியே போகாத நாட்களாகத் தேர்ந்தெடுக்கலாம்.

எழுதியதை எப்படிப் படிப்பது? ஒரு பெண்ணின் குறிப்பு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை 6 மணிக்கு 400 மில்லி. 7:15-க்கு 120. பிள்ளைகள் கிளம்பியதும் 80. கடைக்குப் போகும் முன் 60. திரும்பி வந்ததும் 100. விடியற்காலையில் 400 பிடித்த பைதான் பகலில் 60-க்கே அழைக்கிறது. பை சிறிதாகிவிடவில்லை. "எதுக்கும் ஒருதடவை போயிட்டு வந்துடலாம்" என்று அடிக்கடி போனதால், கொஞ்சம் சேர்ந்தாலே கூப்பிட அது பழகிவிட்டது. பெரியவர்களுக்குப் பை சாதாரணமாக 400 முதல் 500 மில்லி வரை பிடிக்கும். 150, 200 மில்லி சேரும்போது முதல் உணர்வு வரும். அது 'நிறைந்துகொண்டிருக்கிறது' என்ற தகவல் மட்டும்தான், உடனே ஓட வேண்டியதில்லை. பகலில் ஏழெட்டு முறைக்குள், இரவில் ஒருமுறை எழுவது என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை.

இரவுக் கணக்கையும் பாருங்கள். வயதானவர்களுக்கு 24 மணி நேரச் சிறுநீரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தூங்கும் நேரத்தில் வருகிறது என்றால், தசைப் பயிற்சியால் மட்டும் இரவு எழுவது குறையாது. பகல் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்ததில் கணுக்காலில் இறங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராகிறது. மதியமோ மாலையோ ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுத்தால், அந்த நீர் தூங்கப் போவதற்கு முன்பே வெளியேறிவிடும். கால் வீக்கம் புதிதாக வந்திருந்தால் இதயத்தையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருகிற தூக்கமும் இரவுச் சிறுநீரைக் கூட்டும்.

சரியான தசையைக் கண்டுபிடிப்பது

முன்னால் இடுப்பின் அடி எலும்பிலிருந்து பின்னால் வால் எலும்பு வரை, குழந்தைக்குக் கட்டிய தூளி போல ஒரு தசைப் படுகை உள்ளே தொங்குகிறது. சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்குவது அதுதான். இடுப்புத்தளத் தசை என்று சொல்வோம். அமெரிக்க மகளிர் நோய் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் 1948-ல் இதற்கான பயிற்சியை எழுதி வெளியிட்டார். கீகல் பயிற்சி என்று இப்போது யூடியூபில் கிடைப்பதெல்லாம் அவர் பெயரால் வழங்குவதுதான்.

யூடியூப் பார்த்து மட்டும் செய்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 1991-ல் வந்த ஓர் ஆய்வில், 47 பெண்களுக்கு இந்தப் பயிற்சியை வாயால் மட்டும் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு அளந்து பார்த்தார்கள். பாதிப் பேர்தான் சரியாகச் செய்தார்கள். நான்கில் ஒருவர் செய்த விதம் கசிவைக் கூட்டக்கூடியதாக இருந்தது. மேலே இழுக்க வேண்டியதை அவர்கள் கீழே முக்கினார்கள். அதனால் இந்தப் படிக்கு ஒரு வாரம் முழுதாகக் கொடுத்தாலும் வீணில்லை.

மல்லாந்து படுத்து முழங்கால்களை மடித்துப் பாதங்களைத் தரையில் வையுங்கள். வயிறு, தொடை, தாடை எல்லாம் தளர்வாக இருக்கட்டும். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாயு பிரிய வருகிறது, அடக்குகிறீர்கள் என்று நினைத்து ஆசனவாயை மெல்ல இறுக்குங்கள். அந்த இறுக்கத்தை முன்பக்கமாக, சிறுநீர் வரும் இடம் வரை கொண்டுபோய் உள்ளே மேல்நோக்கி இழுங்கள். பிறகு முழுதாக விடுங்கள். விடுவதும் பயிற்சியில் பாதி. தசை முழுதாகத் தளர்ந்தால்தான் அடுத்த முறை முழுப் பலத்தோடு சுருங்கும்.

சரியாகச் செய்கிறீர்களா என்று பார்க்கச் சில வழிகள் உண்டு. சிறிய துண்டை உருட்டி நாற்காலியில் வைத்து, அதன்மேல் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருங்கள். இறுக்கும்போது அந்த இடம் துண்டிலிருந்து விலகி மேலே போவது போலத் தெரிய வேண்டும். துண்டை அழுத்துவது போல இருந்தால் முக்குகிறீர்கள். கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் இடைப்பட்ட பகுதி உள்ளே போக வேண்டும், வெளியே பிதுங்கக் கூடாது. பெண்கள் சுத்தமான விரலை யோனிக்குள் வைத்தால் சுற்றிலும் இறுகி மேலே இழுப்பதை உணரலாம். ஆண்களுக்கு உறுப்பின் அடிப்பகுதி உள்ளிழுத்து விதைகள் சற்று மேலே ஏறும்.

மூச்சைப் பிடித்துக்கொள்வதும், பிட்டத்தை இறுக்குவதும், தொடைகளைச் சேர்த்து நெருக்குவதும்தான் எல்லோரும் செய்யும் பிழைகள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே செய்தால் மூச்சு நிற்காது. பக்கத்தில் இருப்பவர் பார்த்தால் நீங்கள் எதையும் செய்வதாகவே தெரியக் கூடாது. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்திப் பழகுவதைப் பயிற்சியாக வைத்துக்கொள்ளவே வேண்டாம். தினமும் அப்படிச் செய்தால் பை முழுதாகக் காலியாகாமல் போகப் பழகிவிடும்.

இறுக்கும்போது வலிக்கிறது, தாம்பத்திய உறவில் வலி இருக்கிறது, சிறுநீர் தொடங்கவே சிரமமாக இருக்கிறது என்றால் உங்கள் தசை பலவீனத்தைவிட இறுக்கத்தால் தவிக்கலாம். அப்படிப்பட்டவர்கள் இந்தப் பயிற்சியைத் தாங்களாகத் தொடங்காமல் பிசியோதெரபிஸ்டிடம் காட்ட வேண்டும். அவர்களுக்கு முதலில் தளர்த்தும் பயிற்சி தேவைப்படும்.

எத்தனை முறை, எவ்வளவு நேரம்

இங்கிலாந்தின் நைஸ் அமைப்பின் மருத்துவ வழிகாட்டுதல், ஒரு வேளைக்குக் குறைந்தது 8 சுருக்கம், நாளுக்கு 3 வேளை, குறைந்தது 3 மாதம் என்கிறது. நான் சொல்வதும் அதையொட்டித்தான். இறுக்கிப் பிடித்தால் உங்களால் எத்தனை விநாடி விடாமல் தாங்க முடிகிறது என்று எண்ணுங்கள். மூன்று விநாடியில் நழுவினால் மூன்றுதான் உங்கள் தொடக்கம். மூன்று விநாடி பிடித்து, குறைந்தது அதே அளவு ஓய்வெடுத்து, எட்டு முறை. அதன் பிறகு பத்து முறை சட்டென்று இறுக்கிச் சட்டென்று விடுங்கள். தும்மலுக்கு உதவுவது இந்த வேகச் சுருக்கம்தான். வாரத்துக்கு ஒரு விநாடி வீதம் கூட்டிப் பத்து விநாடியில் நிறுத்திக்கொள்ளலாம்.

முதல் இரண்டு வாரம் படுத்தபடி. படுத்து நன்றாக வந்தால் உட்கார்ந்தபடி, அதன்பின் நின்றபடி. நிற்கும்போது வயிற்றின் பாரம் முழுதும் தசைமேல் இறங்குவதால் படுத்து எட்டு விநாடி பிடித்தவருக்கு நின்று நான்குதான் வரும். அது பின்னடைவில்லை. ஒரே நாளில் நூறு, இருநூறு என்று செய்வதால் எந்த லாபமும் இல்லை. தசை களைத்துப்போய் அன்று மாலை கசிவு கூடத்தான் செய்யும்.

மறந்துபோவதுதான் இந்தப் பயிற்சிக்குப் பெரிய எதிரி. ஏற்கெனவே தினமும் செய்யும் மூன்று வேலைகளோடு சேர்த்துவிடுங்கள். காலையில் படுக்கையை விட்டு எழுமுன், மதியம் சாப்பிட்டுக் கை கழுவியதும், இரவு சீரியல் விளம்பர இடைவேளையில் என்று. பெரும்பாலானவர்களுக்கு ஆறு வாரத்தை ஒட்டித்தான் வித்தியாசம் தெரியத் தொடங்கும். மூன்றாவது வாரத்தில் "ஒண்ணும் ஆகலையே" என்று விட்டுவிடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு வருத்தம்.

இருமுவதற்கு முன் ஒரு பிடி

இது மட்டும் உடனே பலன் தரும். தும்மல் வருகிறது என்று தெரிந்ததும், தும்முவதற்கு முந்தைய நொடியில் இடுப்புத்தளத்தை இறுக்கிப் பிடியுங்கள். தும்மி முடித்துவிட்டு விடுங்கள். லேசான அழுத்தக் கசிவு இருந்த வயதான பெண்களிடம் இதைச் சோதித்த ஆய்வு 1998-ல் வந்தது. ஒரு வாரம் பழகியதிலேயே இருமும்போது கசிந்த அளவு நன்றாகக் குறைந்திருந்தது.

தும்மல், இருமலோடு நிறுத்த வேண்டாம். குடத்தை இடுப்பில் ஏற்றும் முன், இட்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்கும் முன், கேஸ் சிலிண்டரை நகர்த்தும் முன், சம்மணத்திலிருந்து எழும் முன், படியேறும் முன் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பிடி. தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட்டபடி தூக்குங்கள். மூச்சை அடக்கினால் அழுத்தம் அப்படியே கீழே இறங்கும்.

அவசரம் வந்தால் ஓடாதீர்கள்

அவசரக் கசிவு உள்ளவர்கள் செய்யும் முதல் காரியம் ஓடுவது. ஓடும்போது வயிறு குலுங்குகிறது, மனம் பதறுகிறது, கழிப்பறைக் கதவைப் பார்த்ததும் பை இன்னும் சுருங்குகிறது. வாசலிலேயே நனைந்துவிடுகிறது. வயதானவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதும் இந்த ஓட்டத்தில்தான்.

அவசரம் ஏறி, உச்சத்துக்குப் போய், தானே இறங்கும். உச்சத்தைத் தாண்டக் காத்திருந்தால் போதும். முட்டிக்கொண்டு வந்ததும் அப்படியே நில்லுங்கள், நாற்காலி இருந்தால் உட்காருங்கள். ஐந்தாறு முறை சட்சட்டென்று இடுப்புத்தளத்தை இறுக்கி விடுங்கள். இந்தச் சுருக்கம், அடங்கச் சொல்லி நரம்பு வழியாகவே சிறுநீர்ப்பைக்குச் செய்தி அனுப்பும். மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு மனதை வேறு பக்கம் திருப்புங்கள். நூறிலிருந்து ஏழேழாகக் கழியுங்கள், அடுத்த வாரச் செலவைக் கணக்குப் போடுங்கள், தெரிந்த பாட்டின் அடுத்த வரியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அவசரம் தணிந்த பிறகு சாதாரண நடையில் போங்கள். முதல் சில நாட்களில் தோற்கும். வீட்டில், தனியாக இருக்கும் நேரங்களில் பழகிவிட்டு அப்புறம் வெளியே முயலுங்கள்.

இதோடு இடைவெளியை நீட்டும் பயிற்சியையும் சேருங்கள். குறிப்பைப் பார்த்து இப்போது சராசரியாக எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை போகிறீர்கள் என்று கணக்கிடுங்கள். ஒரு மணி நேரம் என்றால், ஒரு வாரத்துக்கு 1 மணி 15 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பழகியதும் இன்னொரு 15 நிமிடம். இரண்டரை, மூன்று மணி நேரம் வந்தால் அருமை. குறைந்தது ஆறு வாரம் ஆகும். இரவில் இந்தக் கணக்கு வேண்டாம், வந்தால் எழுந்து போய்விடுங்கள்.

குடிப்பது, கழிப்பது

கசிவு இருப்பவர்கள் தண்ணீரைக் குறைப்பது மிகப் பெரிய தவறு. நம் ஊர் வெயிலில் அது ஆபத்தும்கூட. சிறுநீர் அடர்த்தியானால் பையின் சுவரை உறுத்தி அவசரத்தைக் கூட்டும், மலச்சிக்கல் வரும், நோய்த்தொற்று எளிதாகும். நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், வியர்வை அதிகம் என்றால் அதற்கு மேலும். இதயம் அல்லது சிறுநீரகப் பாதிப்புக்காக மருத்துவர் அளவு சொல்லியிருந்தால் அந்த அளவுதான். காலை முதல் மாலை வரை பிரித்துக் குடித்துவிட்டு, படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பே குறைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு நாலைந்து காபி, டீ குடிப்பவர்கள் வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும்.

கழிப்பறையில் முக்காதீர்கள். பொதுக் கழிப்பறையின் வெஸ்டர்ன் இருக்கையைத் தொடப் பயந்து அரைகுறையாகக் குனிந்து நின்றபடி கழித்தால் தசை தளராது, கொஞ்சம் உள்ளேயே தங்கும். கையோடு காகிதமோ சானிடைசரோ வைத்துக்கொண்டு நன்றாக உட்காருங்கள். குந்தி உட்காரும் கழிப்பறை, முழங்கால் ஒத்துழைக்கும்வரை நல்லதுதான். முடிந்த பிறகும் மிச்சம் இருப்பது போல இருந்தால் எழுந்து நின்று மறுபடி உட்கார்ந்து சற்று முன்னால் சாய்ந்து பாருங்கள். மலச்சிக்கலையும் கவனியுங்கள். நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை நெருக்கும், தினமும் முக்குவது இடுப்புத்தளத்தைத் தளர்த்தும்.

உடல் எடை கூடுதலாக இருந்தால் கொஞ்சம் குறைத்தாலே தெரியும். அமெரிக்காவில் எடை கூடிய பெண்களிடம் நடந்து 2009-ல் வெளியான ஆய்வில், ஆறு மாதத்தில் சராசரியாக 8 சதவீதம் எடை குறைத்தவர்களுக்கு வாரத்தில் கசிந்த தடவைகள் 47 சதவீதம் குறைந்தன. ஒப்பீட்டுக் குழுவில் குறைந்தது 28 சதவீதம். 75 கிலோ இருப்பவருக்கு 8 சதவீதம் என்பது 6 கிலோ.

வீட்டைச் சரி செய்வது: ஆக்குபேஷனல் தெரபியின் பங்கு

வீட்டுப் பெரியவருக்காக இதைப் படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு மிகவும் பயன்படப்போவது இந்தப் பகுதிதான். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்தால் தசையை மட்டும் பார்க்க மாட்டார். உணர்வு வந்த நொடியிலிருந்து வேலை முடிந்து திரும்பும்வரை ஒவ்வொரு கட்டத்தையும் பார்ப்பார். நீங்களும் பார்க்கலாம். அம்மா கழிப்பறைக்குக் கிளம்பும்போது மொபைலில் நேரம் பாருங்கள். கட்டிலிலிருந்து எழ எவ்வளவு? நடக்க எவ்வளவு? விளக்கு சுவிட்சைத் தேட எவ்வளவு? புடவையைத் தூக்கி உட்கார எவ்வளவு? பல வீடுகளில் அதிக நேரம் போவது நடப்பதில் இருக்காது. எழுவதிலும் உடையிலும்தான் போகும்.

கட்டில் தாழ்வாக இருந்தால் எழுவது பெரும்பாடு. உட்கார்ந்தால் பாதம் தரையில் படிந்து, இடுப்பு முழங்காலைவிடச் சற்று உயரமாக இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 45 முதல் 50 சென்டிமீட்டர். கட்டில் கால்களுக்கு அடியில் உறுதியான கட்டை கொடுத்து உயர்த்தலாம். கழிப்பறை இருக்கைக்கும் இதே கணக்கு. வெஸ்டர்ன் தாழ்வாக இருந்தால் மேலே பொருத்தும் உயர இருக்கை மருந்துக்கடைகளில் கிடைக்கிறது. இந்தியன் கழிப்பறை மட்டும் இருக்கிற வீட்டில், நடுவில் ஓட்டை உள்ள கமோடு ஸ்டூலை அதன்மேல் போட்டுக்கொள்ளலாம். கால்களில் ரப்பர் இருக்கிறதா, ஆடாமல் நிற்கிறதா என்று நீங்கள் முதலில் உட்கார்ந்து பாருங்கள்.

கைப்பிடி விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். துண்டு தொங்கவிடும் கம்பி ஒரு ஆளின் பாரத்தைத் தாங்காது, பிடித்து எழுந்தால் பிடுங்கிக்கொண்டு வரும். வெறும் டைல்ஸில் ஒட்டும் வகையையும் நம்ப வேண்டாம். சுவரில் துளையிட்டு முடுக்கிய எஃகுக் கைப்பிடியே வேண்டும். பக்கவாதம் வந்தவருக்கு பலமான கையின் பக்கம் இருக்க வேண்டும். உட்கார்ந்த நிலையில் அவர் இயல்பாகக் கை நீட்டும் இடத்தில் பென்சிலால் குறித்து அங்கே போடச் சொல்லுங்கள்.

நம் குளியலறைகளில் குளிக்கிற இடமும் கழிப்பறையும் ஒன்றாக இருப்பதால் தரை எப்போதும் ஈரம். யாராவது குளித்ததும் தண்ணீரைத் தள்ளிவிட்டு வருவதை வீட்டு விதியாக்குங்கள். கட்டிலுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் மிதியடி, மொபைல் சார்ஜர் கம்பி, மடக்கிய நாற்காலி எதுவும் கிடக்கக் கூடாது. இரவு முழுக்க எரியும் சிறு விளக்கு வேண்டும். கொல்லைப்புறத்தில் கழிப்பறை இருக்கும் பழைய வீடுகளில், இரவில் மட்டும் கட்டிலுக்குப் பக்கத்தில் வாளி பொருத்திய கமோடு நாற்காலி போட்டுவிடலாம். ஆண்களுக்குக் கையில் பிடிக்கும் யூரினல் பாத்திரம் போதும். பெண்களுக்கான வடிவமும் உண்டு. "ரூமுக்குள்ளேயா?" என்று பெரியவர்கள் முதலில் மறுப்பார்கள். வற்புறுத்தாமல், "ராத்திரி மட்டும்தான்மா, விடிஞ்சதும் எடுத்துடறேன்" என்று ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்.

உடையில் சின்ன மாற்றமே பெரிய உதவி. பாவாடை நாடாவும் பைஜாமா நாடாவும் அவசரத்தில் முடிச்சாகிவிடும். மூட்டுவாதம் வந்த விரலுக்கு அவிழ்க்கவே வராது. நாடாவை எடுத்துவிட்டு எலாஸ்டிக் கோத்துத் தைக்கச் சொல்லுங்கள். பேன்ட் பொத்தானுக்குப் பதில் வெல்க்ரோ வைக்கலாம். வீட்டில் இருக்கும்போது நைட்டி, வேட்டி, லுங்கியே எளிது.

மறதி நோய் உள்ளவர்களுக்கு நேரக்கணக்கு உதவும். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, சாப்பிட்ட பிறகு, படுக்கும் முன் என்று நீங்களே நினைவூட்டுங்கள். எல்லோர் முன்னாலும் சத்தமாகக் கேட்காமல், அருகில் போய் "அப்பா, ஒரு தடவை பாத்ரூம் போயிட்டு வந்துடலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டுக் கால் மணி கழித்துக் கேளுங்கள். புடவை முந்தானையை முறுக்குவது, காரணமில்லாமல் எழுந்து நடப்பது, முகம் சுளிப்பது எல்லாம் அவர்கள் சொல்லும் மொழியாக இருக்கலாம். கழிப்பறைக் கதவைத் திறந்தே வையுங்கள், உள்ளே இருக்கை கண்ணில் படட்டும். வெள்ளைச் சுவருக்கு முன் வெள்ளை இருக்கை அவர்களுக்குத் தெரியாமல் போகும், அடர்நிற மூடி போட்டால் தெரியும். நனைந்துவிட்டால் திட்டாதீர்கள். காரணம் அவர்களுக்கு மறந்துபோனாலும் அந்த அவமானம் மனதில் தங்கும்.

நாப்கினும் தோலும்

பயிற்சி பலன் தரும்வரை பேட் வைத்துக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் மாதவிடாய் நாப்கின் இதற்குச் சரிவராது. அது ரத்தத்தை மெதுவாக உறிஞ்சச் செய்தது. சட்டென்று வரும் சிறுநீரை உறிஞ்ச அதற்கென்றே செய்த பேட் தனியாகக் கிடைக்கிறது. நனைந்ததும் மாற்றுங்கள். வெறும் தண்ணீரிலோ மென்மையான சோப்பிலோ கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, தோலைக் காக்கும் கிரீமை மெல்லிய படலமாகத் தடவுங்கள். வாசலினை அப்பினால் பேட்டின் உறிஞ்சும் பரப்பு அடைத்துக்கொள்ளும். தோல் சிவந்து உரியத் தொடங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவருக்கு அது புண்ணாகும்.

ஆண்களுக்கு

புராஸ்டேட் அறுவை சிகிச்சைக்குப் பிறகு கசிவு வருவது சகஜம், பெரும்பாலானவர்களுக்கு மாதங்கள் போகப் போகக் குறையும். அறுவைக்கு முன்பே இந்தத் தசையை அடையாளம் கண்டு பழகிவிட்டால் பின்னால் எளிது. சிறுநீர் வடிய மருத்துவமனையில் பொருத்திய குழாய் (கதீட்டர்) உள்ளே இருக்கும்வரை பயிற்சி வேண்டாம், எடுத்த பிறகு தொடங்குங்கள். போய்விட்டு வேட்டியைச் சரிசெய்த பிறகு நாலு சொட்டு விழுகிறது என்பது வேறு தொந்தரவு. உடலின் சிறுநீர்ப் பாதையில் உள்ள வளைவில் தங்கியது அது. கழித்து முடித்ததும், விதைப்பைக்குப் பின்னால் விரல் நுனிகளால் மெல்ல அழுத்தி முன்னோக்கி இரண்டு மூன்று முறை தள்ளிவிட்டால் தங்கியது வந்துவிடும்.

பிசியோதெரபிஸ்டிடம் போகும்போது

மூன்று நாள் குறிப்பையும் மாத்திரைப் பட்டியலையும் எடுத்துப் போங்கள். பெண்களின் இடுப்புத்தளப் பயிற்சியில் அனுபவம் உண்டா என்று முன்பே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். எல்லா பிசியோதெரபிஸ்டும் இதைச் செய்வதில்லை. தசையின் பலத்தைச் சரியாக அறிய, கையுறை அணிந்த விரலால் உள்ளே பரிசோதிக்க அனுமதி கேட்பார்கள். ஏன், எப்படி என்று விளக்க வேண்டியது அவர் கடமை. பெண் பிசியோதெரபிஸ்ட்தான் வேண்டும் என்று சொல்லலாம், துணைக்கு ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் சொல்லலாம். மறுத்தால் வெளியிலிருந்து பார்த்தே தொடங்குவார்கள். உங்களால் சுருக்கத்தை உணரவே முடியவில்லையென்றால், தசை சுருங்குவதைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக் கருவியோ, மின்தூண்டலோ சில வாரங்களுக்கு உதவும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் பிசியோதெரபி பிரிவு இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மூன்று மாதம் முடிந்ததும் அதே மக்கோடு மறுபடி மூன்று நாள் குறிப்பு எழுதி, பழையதோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். குறைந்திருந்தால் பயிற்சியை நாளுக்கு ஒரு வேளையாக்கித் தொடருங்கள். நிறுத்தினால் தசை மறுபடி தளரும். சரியாகச் செய்தும் குறையவில்லையென்றால் இரண்டு குறிப்புகளையும் எடுத்துக்கொண்டு சிறுநீர்ப்பாதை மருத்துவரிடமோ (யூராலஜிஸ்ட்) மகப்பேறு மருத்துவரிடமோ போங்கள். அவசரக் கசிவுக்கு மாத்திரைகளும், மாதவிடாய் நின்றவர்களுக்கு யோனியில் தடவும் ஹார்மோன் கிரீமும், இறங்கிய கருப்பையைத் தாங்கும் வளையமும், அழுத்தக் கசிவுக்கு அறுவை சிகிச்சையும் இருக்கின்றன. எது உங்களுக்குப் பொருந்தும் என்று முடிவு செய்ய அந்த இரண்டு தாள்கள் அவருக்கு உதவும்.